யாரைக் கட்டிக்குவே?

மாது உதவி கேட்டுத்தான் மனுக் கொடுத்தான். அந்த மனுவைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள்தான் பிள்ளையைக் கொண்டுபோய்விட்டார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் வண்டியின் ஸ்டியரிங்கைப் பிடுங்கி எவன் மண்டையிலாவது போட வேண்டும்போல் அவனுக்குக் கை துறுதுறுத்தது. எவன் மண்டை என்பதில்தான் தடுமாற்றம். அலுவலகத்து ஆட்களின் மண்டையா, ஊர்க்காரர்களின் மண்டையா, தன் மண்டையா என்று முடிவு செய்ய முடியவில்லை.

எழிலரசி அவன் ஊரிலேயே இருந்த அக்கா பாரதியின் மகள். பாரதி மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தபோது எழிலுக்கு ஆறு வயது. அவளைப் பெற்ற அப்பன் முருகேஷ் அதற்கு முன்பே ஓசூரில் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டவன். காரியத்துக்கு வந்தவன், பந்தலைப் பிரிப்பதற்குள் பஸ் ஏறிவிட்டான். மாதுவைப் பெற்றவர்களும் இல்லை. மொரப்பூருக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டு வீடும், கடனில் வாங்கிய ஒரு குட்டியானைச் சரக்கு வண்டியும் அவனுக்கு இருந்தன. அன்றிலிருந்து எழிலும் இருந்தாள்.

விடிவதற்கு முன்பே தக்காளி ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போக வேண்டிய பிழைப்பு. அவன் வண்டியைக் கிளப்பும் சத்தம் கேட்டதும் எழில் பாயைச் சுருட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவாள். அங்கே குள்ளம்மாள் இருந்தாள். தக்காளி பறிக்கப் பெண்களைக் கூட்டிப்போகும் மேஸ்திரியம்மா. வாய் கொஞ்சம் நீளம். கை அதைவிட நீளம், வேலையில். எழிலுக்குத் தலைவாரி, இரட்டைச் சடை போட்டு, மீதிச் சோற்றில் மோர் ஊற்றிக் கொடுத்துப் பள்ளிக்கூடத்துக்கு விரட்டிவிட்டுத்தான் அவள் காட்டுக்குக் கிளம்புவாள்.

மூன்று வருசம் இப்படியே ஓடிக்கொண்டிருந்த வண்டிக்குத் தடை வந்தது, எழில் பள்ளிக்கூடத்துச் சுவரிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்ட அன்றுதான். ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட வந்தவனிடம், "நீங்க யாரு?" என்றார்கள்.

"மாமனுங்க."

"மாமன்னா ஆச்சா? அப்பா அம்மா எங்க? இல்லன்னா கார்டியன்னு பேப்பர் இருக்குதா?"

பிள்ளை வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு விசும்பிக்கொண்டிருந்தது. இவன் ஓசூருக்குப் போன் மேல் போன் போட்டான். முருகேஷ் எடுக்கவில்லை. கடைசியில் எடுத்து, "என்னய்யா, சும்மா நொய்யி நொய்யின்னு?" என்றான். அவன் போனிலேயே சம்மதம் சொல்லி, பொழுது சாய்ந்த பிறகுதான் கட்டுப் போட்டார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும்போதே மாது முடிவு செய்துவிட்டான். இவள் என் பொறுப்பு என்று அரசாங்கம் ஒரு தாளில் எழுதித் தர வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம்.

பள்ளிக்கூடத்துச் சுகுணா டீச்சர்தான் வழி சொன்னாள். "உறவுக்காரங்க வளக்கற புள்ளைங்களுக்குன்னே ஏற்பாடு இருக்குதுங்க. நீங்கதான் பொறுப்புன்னு ஆர்டர் போட்டுக் குடுப்பாங்க. படிப்புக்கும் உதவி வரும். தருமபுரியில கொழந்தைங்க பாதுகாப்பு ஆபீசுல போயி ஒரு மனு குடுங்க."

கொடுத்தான். சில வாரம் கழித்து விசாரணைக்கு ஆள் வந்தது.

வந்தவள் பெயர் சோபனா. சின்ன வயசுதான். தோளில் பை, வெயிலில் கறுத்த முகம், ஸ்கூட்டரில் தனியாக வந்திருந்தாள். மாது அன்றைக்கு வண்டி எடுக்கவில்லை. வீட்டைக் கழுவி, எழிலுக்குப் பொங்கலுக்கு எடுத்த பாவாடை சட்டையைப் போட்டு, நாற்காலி இரவல் வாங்கி வைத்திருந்தான். அலுவலகத்திலிருந்து மேடம் வந்திருக்கிறது என்றால் தெரு சும்மா இருக்குமா? வாசலில் ஒரு கூட்டம் கூடிவிட்டது. டீக்கடைச் சவுரியப்பன்கூடக் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து நின்றார்.

சோபனா பொறுமையாகத்தான் கேட்டாள். தண்ணீர் எங்கே பிடிக்கிறீர்கள், கழிப்பறை உண்டா, பிள்ளை எங்கே படுக்கும். எல்லாவற்றுக்கும் மாது நிமிர்ந்து பதில் சொன்னான்.

"வீட்ல லேடீஸ் யாருங்க இருக்காங்க?"

"வூட்ல இல்லீங்க மேடம். பக்கத்துல இவங்க இருக்காங்க. தல வாரி உடறது, பள்ளிக்கூடம் அனுப்பறது எல்லாம் இவங்கதான்."

"வாய்லயே அக்கா அக்காம்பான்," என்றாள் குள்ளம்மாள் கதவோரத்திலிருந்து. "ஒரு பண்டிகைக்கு ஒரு சேல எடுத்துக் குடுத்திருப்பானா கேளுங்க."

வாசல் சிரித்தது. சோபனாவும் லேசாகச் சிரித்தாள். "நீங்க ஏன் இன்னும் கல்யாணம் பண்ணிக்கல?" என்று மாதுவைக் கேட்டாள்.

உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரே வரியில் முடிந்திருக்கும். இரண்டு இடத்தில் பெண் பார்த்தான். இரண்டு இடத்திலும், "அக்கா புள்ளைய எதாச்சும் ஆஸ்டல்ல உட்டுடுங்க, அப்புறம் பேசலாம்" என்றார்கள். எழுந்து வந்துவிட்டான். அதை அவன் சொல்ல வாயெடுப்பதற்குள் குள்ளம்மாள் முந்திக்கொண்டாள்.

"அவன் எதுக்குங்க வெளிய பொண்ணு தேடறான்? வூட்டுக்குள்ளயே வளருதே! அக்கா மவ. உரிமக்காரன் இவன். இன்னும் பத்து வருசம் பொறுத்துக்கிட்டான்னா சீர் செலவும் மிச்சம், தாலி செலவும் மிச்சம்."

வாசல் மறுபடி சிரித்தது. இந்தத் தடவை நன்றாகவே சிரித்தது. மாதுவும் சிரித்தான். பின்னங்கழுத்தைச் சொறிந்துகொண்டு, தலையைக் குனிந்து, இந்தப் பேச்சுக்குத் தாய்மாமன்கள் எல்லாரும் எப்படிச் சிரிப்பார்களோ அப்படிச் சிரித்தான்.

சோபனா சிரிக்கவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை.

"மேடம், அவளையே கேளுங்க," என்றார் சவுரியப்பன் உற்சாகமாக. "யாரைக் கட்டிக்குவேன்னு கேளுங்க. பளிச்சுனு சொல்லுவா."

எழில் பளிச்சென்று சொன்னாள். "எங்க மாமாவ!"

சொல்லிவிட்டுக் கையை நீட்டினாள். அவளுக்கு நடை வந்த நாளிலிருந்து சவுரியப்பன் கடையில் நடக்கிற சங்கதி இது. பெரியவர்கள் கேட்பார்கள், குழந்தை சொல்லும், சொன்னதும் பாட்டிலைத் திறந்து ஒரு தேன்மிட்டாய் கொடுப்பார்கள். பாரதி இருந்தபோதே அப்படித்தான். ஊரில் எத்தனையோ பெண் குழந்தைகள் இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் மிட்டாய் தின்று வளர்ந்தன.

சோபனா அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, "சரிங்க, தகவல் வரும்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

தகவல் வரவில்லை. வண்டிதான் வந்தது. அதுவும் வீட்டுக்கு வரவில்லை, பள்ளிக்கூடத்துக்கு வந்தது. மாது மார்க்கெட்டில் கூடை இறக்கிக்கொண்டிருந்தான், குள்ளம்மாள் தக்காளிக் காட்டில் இருந்தாள். சுகுணா டீச்சர் போனில் அழுதாள். "விசாரண முடியற வரைக்கும் கொழந்தைங்க இல்லத்துல வெச்சிருப்பாங்களாம். நான் எவ்வளவோ சொன்னேங்க. புள்ள பையத் தூக்கிக்கிட்டு, டூர் போறாப்பல போச்சுங்க."

மாது தக்காளியை அப்படியே போட்டுவிட்டு வந்தான்.

தருமபுரி அலுவலகத்து வராந்தாவில் அவன் போட்ட சத்தத்தில் ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள் எட்டிப் பார்த்தன. "யாரைக் கேட்டுப் புள்ளையத் தூக்கினீங்க? நான் திருடனா? உதவி வேணும்னுதானே வந்தேன்! கேக்காமயே வளத்திருந்தா எவன் வந்து பாத்திருப்பான்?"

"கத்தாதீங்க. இது ஆபீசு," என்றார் மேஜைக்குப் பின்னால் இருந்தவர். "தனி ஆம்பள, பொண்ணுக் கொழந்த. அதுக்கு மேல உங்க ஊர்க்காரங்களே வேற மாதிரி சொல்லியிருக்காங்க. குழந்தைங்க நலக் குழு உக்காரும்போது வந்து பேசுங்க."

"என்ன வேற மாதிரி?"

அவர் சோபனாவைக் கைகாட்டினார். அவள் மூலை மேஜையில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து வந்தாள். அவள் பயப்படவில்லை என்பது மாதுவுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"அந்தம்மா வெளையாட்டுக்குச் சொன்னதுங்க மேடம்! எங்க பக்கம் எல்லாரும் அப்படித்தான் பேசுவாங்க. உங்க ஊர்ல பேச மாட்டாங்களா?"

"பேசுவாங்க," என்றாள் சோபனா. "எங்க ஊர் அரூர் பக்கந்தான். எங்க சித்தி பொண்ணை அவ மாமனுக்குக் கட்டி வெச்சப்ப அவ ஒம்பதாவது படிச்சுக்கிட்டிருந்தா. அவளையும் மிட்டாய் குடுத்துத்தான் கேட்டுக்கிட்டிருந்தோம். நானே கேட்டிருக்கேன்."

மாது திரும்பிப் படிப் பக்கம் நடந்தான்.

"அந்தம்மா சொன்னதுக்காக நான் எழுதலீங்க அண்ணா. அவங்க சொன்னப்ப நீங்க சிரிச்சீங்க. அதைத்தான் எழுதினேன்."

அவன் படியிறங்கி வந்து வண்டியில் ஏறி உட்கார்ந்தான். சிரித்தது குற்றமா? சிரிக்காமல் என்ன செய்வது? பெரிய மனுஷி ஒரு கேலி பேசினால் முறைத்துக்கொண்டா நிற்பார்கள்? இவ்வளவும் அவன் மனசுக்குள் அவளிடம் கத்திக்கொண்டிருந்தான். கத்தக் கத்த, அந்தச் சிரிப்பு மட்டும் முகத்தில் காய்ந்த சோறு மாதிரி ஒட்டிக்கொண்டு போக மாட்டேன் என்றது.

ஞாயிற்றுக்கிழமை இல்லத்தில் பார்க்க விட்டார்கள். பெரிய இரும்பு கேட், உள்ளே சுத்தமான முற்றம். ஒரே மாதிரிச் சட்டை போட்ட பெண் குழந்தைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. மாது அந்த வரிசையில் இரண்டு தடவை கண்ணை ஓட்டியும் எழிலைக் காணவில்லை. மூன்றாவது தடவை ஒரு மொட்டைக் கழுத்துப் பிள்ளை எழுந்து ஓடிவந்தது.

சடை இல்லை. காதுக்கு மேலே ஒட்ட வெட்டியிருந்தார்கள்.

"பேனு வரும்னு எல்லாத்துக்கும் வெட்டிடுவாங்க மாமா," என்றாள் அவளே, அவன் கேட்பதற்கு முன். சோறு நன்றாகப் போடுகிறார்கள், சனிக்கிழமை முட்டை உண்டு, பக்கத்துப் பாய்க்காரி ஜோஸ்பின் ராத்திரியில் பல்லைக் கடிக்கிறாள் என்றெல்லாம் சொன்னாள். பிறகு அவன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே, தணிந்த குரலில் கேட்டாள்.

"மாமா, நான் அன்னைக்குத் தப்பா சொல்லிட்டனா?"

"என்ன கண்ணு?"

"அந்த மேடம்கிட்ட. யாரைக் கட்டிக்குவேன்னதுக்கு. வேற பேரு சொல்லணுமா? சொல்லிக் குடு, சரியா சொல்றேன். வூட்டுக்குப் போலாம்."

மாதுவுக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால்கூடப் பரவாயில்லை. உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை அப்படி ஒரு கோபம் வந்தது, பக்கத்தில் இருந்த வேப்பமரத்தைக் குத்திவிட்டான். கை முட்டியில் தோல் உரிந்து ரத்தம் வந்தது. காவலாளி எழுந்து நின்றார். "ஒண்ணுமில்லீங்க" என்றான் மாது.

அந்தக் கோபத்தோடு நேராக ஊருக்கு வந்து, குள்ளம்மாள் வீட்டு வாசலில்தான் வண்டியை நிறுத்தினான். அவள் முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள்.

"யக்கா! புதன்கெழம குழு உக்காருது. நீ வந்து சொல்லணும். அன்னைக்குப் பேசினது வெறும் பேச்சுன்னு உன் வாயால அங்க சொல்லணும்."

"நான் எங்கடா வர்றது? காட்டுல ஆளுவிட்டிருக்கிறேன். மழ வந்துதுன்னா பழமெல்லாம் வெடிச்சுப் பூடும்."

"பழம் பெருசா உனக்கு? உன் வாயி பண்ணின வேலதான் இது!"

முறம் நின்றது. "என் வாயா? ஏன்டா, அங்க சிரிச்சது யாரு? சவுரியப்பன் சிரிச்சான், தெருவே சிரிச்சுது, நீயும் பல்லக் காட்டிக்கிட்டு நின்னியே! உனக்குப் புடிக்கலன்னா அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்ல? இந்தப் பேச்ச இன்னைக்கா பேசறோம்? உங்கக்கா இருக்கறப்பவே பேசினோம், அவளும் சிரிச்சா. ஊரு நடப்புடா இது."

"ஊரு நடப்புன்னுதான் அவங்களும் சொல்றாங்க! ஊரு நடப்பு தெரிஞ்சுதான் புள்ளையத் தூக்கிட்டுப் போனாங்க! போன வருசம் மலையில எட்டாவது படிக்கிற பொண்ண மாமனுக்குக் கட்டினாங்களே, நாமதானே பந்தியில உக்காந்து தின்னுட்டு வந்தோம்! அங்கயும் உன்ன மாதிரி ஒருத்தி வெளையாட்டாத்தான் ஆரம்பிச்சிருப்பா!"

தான் சொன்னதைக் கேட்டு அவனே திடுக்கிட்டான். சோபனா பேச வேண்டிய பேச்சு தன் வாயில் எப்படி வந்தது என்று விளங்கவில்லை.

குள்ளம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் எப்போதும் இருக்கும் அந்தக் குறும்பு எங்கேயோ போயிருந்தது.

"எனக்குச் சொல்லித் தர்றியா? எங்கம்மாவோட தம்பிக்குத்தான் என்னையக் கட்டினாங்க. எனக்குப் பதிமூணு. அந்த ஆளுக்கு முப்பதுக்கு மேல. அதுக்கு முந்தின வாரம் வரைக்கும் நான் அந்த மனுசன் முதுவுல யான ஏறி வெளையாடினவ. நானுந்தான் சின்னதுல சொன்னேன், மாமாவக் கட்டிக்குவேன்னு. எனக்குக் குடுத்தது கல்கண்டு." சேலையில் ஒட்டிய உமியைத் தட்டிவிட்டாள். "நான் சிரிச்சுக்கிட்டே போனேன்னு நெனைக்கிறியா?"

"அப்புறம் எதுக்குக்கா அந்தப் புள்ளகிட்ட..."

"தெரியலடா," என்றாள் கோபமாக. "எல்லாரும் கேட்டாங்க, நானும் கேட்டேன். போடா அப்பால."

அவன் திரும்பி நடந்தான். வண்டிக் கதவைத் திறக்கும்போது, அவளை வலிக்கச் செய்ய வேண்டும் என்றே, திரும்பிப் பார்க்காமல் சொன்னான். "சடைய வெட்டிட்டாங்க."

"என்னாது?"

"எழிலுக்கு. காதுக்கு மேல ஒட்ட வெட்டிட்டாங்க. இனிமே உனக்கு வேல மிச்சம்."

பின்னால் முறம் உருளுகிற சத்தம் கேட்டது. "யாரு? எவ வெட்டினவ? என் புள்ள முடிய எவ தொட்டவ? மூணு வருசமா ஈரு பேனு அண்டாம, எண்ண வெச்சு வெச்சு இடுப்புக்குக் கொண்டாந்திருக்கேன்டா! அவ அம்மாக்காரி முடி அது!"

புதன்கிழமை காலையில் அவன் வண்டியைக் கிளப்பியபோது, குள்ளம்மாள் நல்ல சேலை கட்டிக்கொண்டு ஏற்கெனவே முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். காட்டுக்கு யார் போனார்கள் என்று அவன் கேட்கவில்லை.

குழு என்பது ஒரு நீள மேஜை, மூன்று பேர். நடுவில் கண்ணாடி போட்ட ஒரு வயதான அம்மா, தலைவி. சுவரோரம் சோபனா நின்றாள். எழிலை வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள்.

"முருகேஷ்கிட்டப் பேசினோம். குழந்தைய எடுத்துக்க மாட்டேன்னுட்டாரு," என்றார் தலைவி. "நீங்க நல்லாப் பாத்துக்கறீங்கன்னு பள்ளிக்கூடத்துலயும் சொல்றாங்க. எனக்கு ஒண்ணுதான் தெரியணும். இன்னும் நாலஞ்சு வருசத்துல இந்தப் பொண்ணு பெரியவளாயிடுவா. ஊரு பேசும். உரிமங்கும், முறைங்கும். அப்ப என்ன செய்வீங்க?"

"நான் அவளத் தோள்ல தூக்கி வளத்தவனுங்க! இத என்கிட்ட எப்படிங்க கேக்க முடியுது?" மாதுவின் குரல் உடைந்து உயர்ந்தது. "தூக்கிட்டுப் போறதுக்கு மட்டும் வண்டி வருது. அவ காய்ச்சல்ல கெடந்தப்ப எந்த வண்டி வந்துச்சு? கை முறிஞ்சு கெடந்தப்ப எவன் வந்து கையெழுத்துப் போட்டான்?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. ஊரு பேசினா?"

"ஊர நான் பாத்துக்கறேங்க."

"எப்படி?"

ஊரைப் பார்த்துக்கொள்வது என்றால் என்ன? எல்லாரும் அவன் ஆட்கள். கை முறிந்த அன்று சவுரியப்பன்தான் மகனுடைய பைக்கில் எழிலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர். யாரோடு சண்டை போடுவது?

"நான் ஒண்ணு கேக்கறேனுங்க," என்றாள் குள்ளம்மாள்.

"நீங்க?"

"அந்தப் பேச்சப் பேசினவளே நாந்தாங்க. எழுதிக்குங்க, குள்ளம்மாள்." அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "என்னைய எங்க மாமனுக்குக் கட்டினப்ப எனக்குப் பதிமூணு. பந்தல் போட்டு, மோளம் வெச்சு, ஊருக்கே சோறு போட்டுத்தான் கட்டினாங்க. மறச்சுக் கட்டல. அன்னைக்கு உங்க வண்டி ஏனுங்க வரல?"

தலைவி கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"நான் ஒளிய எடம் இல்லாம மாட்டுக் கொட்டாய்ல படுத்துக் கெடந்தேன். ஒருத்தரும் வரல. இன்னைக்கு வர்றீங்க. யாருகிட்ட வர்றீங்க? அந்தப் புள்ள பெரியவளாகற சடங்குக்குத் துணி எடுக்கணும்னு இப்பவே கவலப்படறானே, அவன்கிட்ட வர்றீங்க. நான் பேசினது தப்புங்க. என்னையப் புடிச்சுக் கேளுங்க. ராத்திரிக்கு அவ இனிமே என் வூட்லயே படுக்கட்டும், எழுதித் தாரேன். எவனாச்சும் உரிம கிரிமன்னு அவ பக்கம் வந்தான்னா, இவன் பாக்கறதுக்கு முன்ன நான் பாத்துக்கறேன். எப்படின்னு என்கிட்டக் கேக்காதீங்க. அருவா புடிச்சு வேல செய்யறவ நானு."

ஓரத்தில் இருந்த உறுப்பினர் இருமினார். சோபனா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் அசைந்தது. சிரித்தாளா அழுதாளா என்று மாதுவுக்குத் தெரியவில்லை. இரண்டுமே அவனுக்குப் பிடிக்கவில்லை.

தலைவி வெகுநேரம் தன் ஆட்களோடு குசுகுசுத்தார். பிறகு சொன்னார். பிள்ளை உறவினர் பராமரிப்பில் இருக்கலாம், இப்போதைக்கு. குள்ளம்மாள் உடன் பொறுப்பு. சோபனா மாதாமாதம் வந்து பார்ப்பாள், முன்கூட்டிச் சொல்லாமல் வருவாள். பள்ளிக்கூடத்திலும் விசாரிப்பாள். மறுபடி அப்படி ஒரு பேச்சு காதில் விழுந்தால் குழு வேறு மாதிரி யோசிக்கும்.

இப்போதைக்கு. அந்த ஒரு வார்த்தையை மாது மனசுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தான். அவன் கேட்ட தாள் கைக்கு வந்துவிட்டது. கும்பிடு போட வேண்டும் என்று தெரிந்தது. கை எழும்பவில்லை.

படியில் சோபனா பின்னாலேயே வந்தாள். "அண்ணா, என்மேல கோபமா?"

"ஆமாங்க," என்றான் மாது.

"இருக்கட்டும். அடுத்த மாசம் வர்றேன்."

"வாங்க," என்றான். மரியாதைக்குச் சொல்லவில்லை. வரட்டும் என்றே நினைத்தான்.

ஊர் திரும்பும் வழியெல்லாம் குள்ளம்மாள் எழிலின் தலையைத் தடவித் தடவித் திட்டிக்கொண்டே வந்தாள். "கொத்திப்போட்ட கத்திரிச் செடியாட்டம் இருக்குது பாரு. வேப்பெண்ண வெச்சா மூணு மாசத்துல வந்துரும். வரட்டும், அந்தக் கத்திரிக்கோல்காரிய ஒருநாள் நேர்ல பாக்கறேன்." எழில் நடுவில் உட்கார்ந்து, கியர் மாற்றும் மாமனின் தோலுரிந்த முட்டியையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஊர் எல்லையில் குள்ளம்மாள் டீ வேண்டும் என்றாள். சவுரியப்பன் கடையில் மாலை நேரத்துக் கூட்டம் இருந்தது. எழில் வண்டியிலிருந்து குதித்ததைப் பார்த்ததும் சவுரியப்பன் பாய்லரை விட்டுவிட்டு ஓடிவந்தார். உண்மையிலேயே அவர் கண் கலங்கியிருந்தது.

"வந்துட்டியா என் தங்கம்! ஐயோ, முடியெல்லாம் எங்கடீ? மாதாவே, எளச்சுப்போச்சே புள்ள!" பேசிக்கொண்டே மிட்டாய் பாட்டிலின் மூடியைத் திருகினார். கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்தார். "சரி, மறந்துட்டியா, ஞாபகம் இருக்குதான்னு பாப்பம். சொல்லு கண்ணு, யாரைக்..."

மாது அவர் மணிக்கட்டைப் பிடித்தான். இறுக்கித்தான் பிடித்துவிட்டான். பாட்டில் சாய்ந்து இரண்டு மிட்டாய் மண்ணில் விழுந்தன.

"யோவ், என்னப்பா இது? கைய உடு!"

"கேக்காதீங்க."

"அட, வழக்கமாக் கேக்கறதுதானே! புள்ளகிட்ட ஒரு வெளையாட்டு..."

"இந்த வெளையாட்டுனாலதான் எம்புள்ள மொட்டக் கழுத்தோட நிக்குது!" அவன் குரல் ஊர்க்கோடித் தண்டவாளம் வரைக்கும் கேட்டிருக்கும். "கேட்டுக்குங்க எல்லாரும். அக்கா மவ, உரிம, முறங்கற பேச்சு இனிமே எவன் வாயிலயும் வரக்கூடாது. அவ முன்னாடியும் வரக்கூடாது, எம்முன்னாடியும் வரக்கூடாது. வெளையாட்டாப் பேசினாலும் வரக்கூடாது. அவ என் மவ. அவ்வளவுதான் முற."

பெஞ்சில் இருந்த ஒருவன் முணுமுணுத்தான். "ஆபீசுப் பக்கம் போயிட்டு வந்ததும் தொரைக்கு ரோசத்தப் பாரு."

"ஆமாடா, ரோசந்தான்," என்றாள் குள்ளம்மாள், வண்டியை விட்டு இறங்காமலேயே. "உனக்கு வேணும்னா உன் மவளக் கேளு. என்ன சொல்றான்னு நானும் பாக்கறேன்."

பெஞ்சுக்காரன் டீ கிளாசுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். யாரும் சிரிக்கவில்லை. எல்லார் முகத்திலும் கசப்பு இருந்தது. நாளையிலிருந்து இவர்கள் கொஞ்சநாள் பேச மாட்டார்கள், தக்காளி ஏற்ற வேறு வண்டியைக் கூப்பிடுவார்கள், அப்புறம் என்றைக்கோ ஒருநாள் ஒரு கல்யாணப் பந்தியில் மறுபடி எவனாவது ஆரம்பிப்பான். அப்போதும் இதே தொண்டையால் கத்த வேண்டியிருக்கும். தலைவியம்மா கேட்ட 'எப்படி'க்கு இதுதான் பதில் என்று அவனுக்குப் பட்டது. ஒருநாள் கோபம் பற்றாது. அவள் பெரியவளாகி அவளாகவே ஒரு முடிவு சொல்லும் வரைக்கும் இந்தக் கோபத்தைக் கெடாமல் வைத்திருக்க வேண்டும். சிரிக்கக் கூடாது.

அவன் கையை விட்டான். சவுரியப்பன் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டார். அவமானம் ஒரு பக்கம், பிள்ளையின் தலை ஒரு பக்கம் என்று அவர் கண் அலைந்தது. கடைசியில் பாட்டிலுக்குள் கையை விட்டு ஒரு தேன்மிட்டாயை எடுத்து, ஒன்றும் கேட்காமல் எழிலிடம் நீட்டினார்.

எழில் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"மாமா," என்றாள் மெதுவாக. "வாங்கிக்கலாமா? என்ன சொல்லணும்?"

"ஒண்ணும் சொல்ல வேணாம்."

"சும்மாவே குடுக்கறாரா?"

"சும்மாதான்."

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. சவுரியப்பன் முகத்தைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள், மண்ணில் கிடந்த இரண்டையும் பார்த்தாள். யாராவது கேட்பார்கள் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். யாரும் கேட்கவில்லை. அப்புறம்தான் ஒரு கையை மட்டும் முன்னால் கொண்டுவந்தாள்.